முடியாத லீவு

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் சாலையில் ஒரு லாட்ஜ். அதன் வரவேற்பு மேசைக்குப் பின்னால், அறைச் சாவிகள் மாட்டும் பலகையை ஒட்டி ஓர் ஆணி. அதில் மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். இடது மார்பில் லாட்ஜின் பெயர் மஞ்சள் நூலில் தைத்திருக்கும். அது என்னுடையது. கல்லூரி முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருஷம் அந்த ஸ்வெட்டருக்குள் குடியிருந்தேன். அந்த ஆறு வருஷத்தை ரெஸ்யூமில் வைப்பதா, தூக்குவதா என்பதுதான் இந்தத் தை மாதம் முழுக்க என் தலைவலி.

குன்னூரில் நான் வேலை பார்த்த விருந்தினர் பங்களாவை விற்றுவிட்டார்கள். மூன்று மாதமாக வீட்டில் இருந்தேன். வீட்டில் இருக்கும் பெண்ணிடம் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை சொல்லத் தோன்றுகிறது. சம்பளம் தரத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. ஹோட்டல்களில் வரவேற்புப் பிரிவு மேலாளர் வேலைக்குப் பத்து வருஷ அனுபவம் கேட்டார்கள். லாட்ஜைச் சேர்த்தால்தான் எனக்குப் பத்து தேறும். சேர்த்து ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினேன். அவர்கள் விசாரிக்க லாட்ஜுக்குப் போன் செய்தார்கள். என் பழைய முதலாளி எடுத்து, "அந்தப் புள்ளையா? லீவுல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். ஓர் இடத்தில் வேலையில் இருந்துகொண்டே இன்னோர் இடத்துக்குப் பொய் சொல்லி மனுப்போட்டவள் என்று அவர்கள் என்னைக் கழித்துக்கட்டினார்கள். அடுத்த ஹோட்டலுக்கு அந்த வரியையே எடுத்துவிட்டுப் போனேன். நேர்முகத்தில் இருந்த பையன் என் படிப்பு முடிந்த வருஷத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷம் வீட்ல சும்மாவா இருந்தீங்க மேடம்?" என்று கேட்டான். சீசனில் நாலு பஸ் கூட்டம் ஒரே நேரத்தில் வந்து இறங்க, அத்தனை பேருக்கும் அறை பிரித்துக் கொடுத்தவள் நான். சும்மாவாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதலாளி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். அவரோடு வேலை செய்வது பெரிய ரோதனை. வெந்நீர் எட்டு மணியோடு நின்றுவிடும் என்பதை வருகிறவர்களிடம் சொல்லவே மாட்டார். எட்டரைக்குச் சோப்பும் துண்டுமாக இறங்கி வருகிறவர்களின் வசவு முழுக்க எனக்கு. அவர் கல்லாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார். எல்லாம் ஓய்ந்த பிறகு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் என் மேசைக்கு வந்து சேரும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வராது. சீசன் முடிந்தால் லாட்ஜில் பாதி ஆட்கள் கீழே ஊருக்கு இறங்கிவிடுவார்கள், அடுத்த சீசனுக்கு ஏறி வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு ஒரு கணக்கு ஏற்பட்டிருந்தது: போனவர்கள் எல்லோரும் லீவில் இருக்கிறார்கள். கல்யாணம் நிச்சயமாகி நான் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது, படித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு லீவுதான அம்மிணி, எடுத்துக்க" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு வந்தேன். அவர் விளையாடவில்லை.

மூன்றாவதாக ஒரு ஹோட்டலுக்கு லாட்ஜை மறுபடி சேர்த்தே அனுப்பித் தேர்வானேன்; லாட்ஜில் விசாரிப்பது மட்டும் பாக்கி என்றார்கள். இதையும் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. மறுநாளே ஊட்டிக்கு பஸ் ஏறினேன். முதலாளி அதே நாற்காலியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா அம்மிணி, லீவு முடிஞ்சுதா?" என்றார். பின்னால் ஆணியில் ஸ்வெட்டர். எனக்கு வந்த ஆத்திரத்தில் உட்காரக்கூட இல்லை. நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். போன் வந்தால் வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். என் முன்னால் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் புள்ள வேலைய..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. இன்னொரு தடவையும் அதே இடத்தில் நின்றார். பிறகு கல்லாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "விட்டுட்டுப் போயிருச்சுன்னு என்ற வாயால எப்படிச் சொல்றது அம்மிணி? நான் ஏதோ கொடும பண்ணித் தொரத்துனாப்பல இருக்குதே."

இத்தனை வருஷத்தில் அவர் மனசிலிருந்து ஒன்று வெளியே வந்தது அன்றுதான். அதைக் கேட்ட பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் போகவும் இல்லை. "அந்த ஸ்வெட்டரையாவது எடுத்துப் போடுங்கய்யா, ஒரே தூசி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். வேலை போய்விட்டது என்றே பஸ்ஸில் முடிவு கட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ஹோட்டலிலிருந்து ஒரு பெண் பேசினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. என் முதலாளி என்னை அங்கே அனுப்பி வைப்பதற்குச் சம்மதித்துவிட்டாராம். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் மேசையை விட்டு ஓடாத பிள்ளை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஆனால் சீசனில் கூட்டம் தாங்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னாள்.

வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டது. கடைசியில் என்னை இரவல் கொடுத்திருக்கிறார். உடனே அவருக்குப் போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்வெட்டரத் தொவச்சுப் போட்டிருக்குது அம்மிணி. இந்தக் குளுருல சீக்கிரம் காயாது. சீசனுக்குள்ள காஞ்சுரும்."