ஏழு நிமிடமா, இருபது நிமிடமா

மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எடைமேடையில் கம்ப்யூட்டர் காலையில் சோம்பல் முறித்துக்கொண்டுதான் எழுந்ததாம். ஏனென்று தோண்டிப் பார்த்தால், ராத்திரியில் யாரோ அதைத் திறந்து லாரிகளின் எடையையெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்களாம். விடிய விடிய வேலை செய்த மெஷின் காலையில் அடம்பிடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டார் டயர் கடைக்காரர். அவர் அதைப் பார்க்கவில்லை. அவரிடம் சொன்ன மணல் லாரி டிரைவரும் பார்க்கவில்லை. அந்த டிரைவரின் மச்சான் அங்கே ஒருநாள் லோடு போடப் போனபோது காதில் விழுந்ததாம்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். கிலோ அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய எடைமேடையின் கம்ப்யூட்டரும் ஒரு மாதமாக அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. லாரிக்காரர்களுக்கு அது தேவைப்படவில்லை. பதினான்கு வருடமாக அந்தத் தகரக் கூரை அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி இரும்புத் தகட்டின் மேல் ஏறியதும் காலி எடை, லோடு எடை என்று ரசீது அடித்து நீட்டுகிறவள் அவள். எடை அவளுக்குக் கண்ணிலேயே வந்துவிட்டிருந்தது. பிறந்த குழந்தையைக் கையில் வாங்கினால் “மூணு கிலோ நூறு” என்பாள். ஆஸ்பத்திரி அட்டையிலும் அதுவே இருக்கும். புருஷனைப் பற்றிக் கேட்டால், “கட்டிக்கிட்டப்போ காலி வண்டி, இப்போ லோடு வண்டி” என்பாள்.

அப்படிப்பட்டவளை இந்தக் கம்ப்யூட்டர் குழப்பியது. காலை ஆறு மணிக்கு வந்து, மேசைக்கு அடியில் கால் கட்டைவிரலால் துழாவி எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சை அமுக்குவாள். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அதனால் எல்லாம் காலால்தான். பிறகு பெட்டியின் பொத்தானை அமுக்குவாள். சில நாள் ஏழு நிமிடத்தில் உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்கும். சில நாள் இருபது நிமிடம் ஆகும். ஒருநாள் அரைமணி. பொறுமை போய்க் காலால் மறுபடி அமுக்குவாள், கையால் தட்டுவாள், திட்டுவாள். எதற்கு அது பணிந்தது என்று கடைசிவரை தெரியாது.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்தாள். மழை பெய்த நாள், பெய்யாத நாள். கரண்ட் போய் வந்த நாள். செருப்போடு அமுக்கிய நாள், வெறுங்காலோடு அமுக்கிய நாள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் தவறாமல் ஏழு நிமிடம். செவ்வாய்க்கிழமைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு?

“அதுக்கு வயசாகுது, விட்டுடேன்,” என்றார் புருஷன். “எனக்கும்தான் காலையில எழுந்திருக்க நேரமாகுது. ராத்திரியெல்லாம் யாரோ என்னை வேலை வாங்கினாங்கன்னா சொல்றே?”

“உங்களை யாரு வேலை வாங்கறது?” என்றாள்.

ஆனால் சிரித்துத் தள்ளிவிடும் கட்டத்தை விஷயம் தாண்டியிருந்தது. ஒரு வியாழக்கிழமை, வண்டிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்று ஹாரன் அடிக்க, மேனேஜரே இறங்கி வந்துவிட்டார்.

“இன்னொரு நாள் இப்படி வண்டி ரோட்டுல நின்னா, உங்க சீட்டுல வேற ஆளை உட்கார வைக்கச் சொல்லிட்டாங்க. நான் சொல்லலை, மேலேருந்து சொல்றாங்க.”

இந்த வயதில் வேறு எங்கே போய் எந்த ஜன்னலோரம் உட்காருவது? கையில் இருந்த ஒரே துப்பு வாயில் வந்து விழுந்தது.

“சார், ராத்திரியில யாரோ அதைத் தொடறாங்கன்னு தோணுது. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒழுங்கா வருது. அன்னிக்குத்தான் வாட்ச்மேன் அண்ணனுக்கு லீவு.”

அவ்வளவுதான் சொன்னாள். அந்த அண்ணனை அவளுக்கு எட்டு வருடமாகத் தெரியும். தெரியும் என்றால், அவர் ஷிப்டு முடிந்து சைக்கிளை எடுக்கும் நேரமும் அவள் வந்து சேரும் நேரமும் ஒன்று. சாவியைக் கையில் கொடுத்து “வர்றேன்மா” என்பார். “சரிங்கண்ணே” என்பாள். எட்டு வருடப் பேச்சும் அதற்குள் அடங்கிவிடும்.

மறுநாள் கேட்டில் வேறொருவர் நின்றார். வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சி தற்காலிகமாக அனுப்பிய ஆள்.

“தொட்டீங்களான்னு கேட்டேன். ஆமா, தொட்டேன்னார்,” என்றார் மேனேஜர். “ஒத்துக்கிட்டப்புறம் மேற்கொண்டு என்ன கேக்கறது?”

அன்றைக்குக் கம்ப்யூட்டர் ஏழு நிமிடத்தில் வந்தது. அடுத்த நாளும் ஏழு. அதற்கடுத்த நாளும் ஏழு. “பாத்தீங்களா, நோயே அவர்தான்,” என்று மேனேஜர் மேசையைத் தட்டிவிட்டுப் போனார். சீட்டு தப்பியது. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

சந்தோஷம் வரவில்லை. மதியம் வண்டி குறைந்த நேரத்தில் போன மாத ரசீதுகளின் நகல் கட்டை அவிழ்த்து, கம்ப்யூட்டரில் இருந்த எடைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். ஒரு கிலோ கூட மாறவில்லை. மாற்றி எழுதவில்லை என்றால் அவர் உள்ளே போய் எதைத் தொட்டார்? எதையும் கெடுக்கவில்லை என்றால் அவர் போனதும் ஏன் சரியாயிற்று? ஒரு கணக்குக்கு இரண்டு விடை வந்து, இரண்டும் சரியாக இருப்பது போல் தலை சுற்றியது. புருஷனிடம் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “இப்ப எனக்கும் புரியலை,” என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் வழக்கமான பராமரிப்புக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். நேரத்தோடு வராதவர் என்று அவருக்குப் பெயர். அன்றைக்கும் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் வந்தார். அவள் நாட்காட்டித் தாளை அவரிடம் நீட்டி, முதலிலிருந்து எல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தார்.

“மேடம், இந்த சுவிட்சை எப்படிப் போடுவீங்க?”

“காலால.”

“விழுந்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“அமுக்கினா விழுந்ததுதானே. சாயங்காலம் நான் அணைக்கறேன், காலையில நான் போடறேன்.”

“இதுல இருந்த லைட்டு எப்பவோ போயிடுச்சு. ஒரு தடவை அமுக்கினா ஆன், மறுபடி அமுக்கினா ஆஃப். உங்களுக்கு முன்னாடியே யாராவது அமுக்கி வச்சிருந்தா, நீங்க போடறதா நினைச்சு அணைச்சிருப்பீங்க.” அவர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “இந்தப் பெட்டிக்குள்ள கரண்டைப் பிரிச்சுக் கொடுக்கற டப்பா பழசு. சுவிட்சு போட்டதும் தெம்பு சேர்த்துக்க அதுக்கு ஏழு நிமிஷம் வேணும். அதுவரைக்கும் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் திரும்பிப் பாக்காது. அணைச்ச சுவிட்சோட பத்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம் மறுபடி போட்டா, அங்கேருந்து ஏழு. கூட்டிப் பாருங்க.”

அவள் கூட்டிப் பார்த்தாள். பதினேழு. கூடக் கொஞ்சம் திட்டியதற்கு மூன்று.

“எனக்கு முன்னாடி யாரு வந்து அமுக்குவாங்க?” என்றாள், கேட்கும்போதே பதில் தொண்டைக்கு வந்துவிட்டது போலிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ரசீதுக்குக் கை நீட்டியபடி நின்ற தண்ணீர் லாரி டிரைவர் தலையை உள்ளே விட்டார்.

“ஏன், வாட்ச்மேன்தான். அஞ்சரைக்கெல்லாம் வரிசையில முதல் வண்டி என்னோடது, தினம் பாப்பேன். கதவைத் திறந்து உள்ள போய்க் குனிஞ்சு சுவிட்சைப் போட்டுட்டு வருவார். என்னன்னு கேட்டேன். ‘அது எழுந்திருக்க நேரமாகுது, தங்கச்சி வந்ததும் வராததுமா உங்ககிட்ட பேச்சு வாங்குதே’ன்னார். நாங்க கொஞ்சம் கத்தினோம்ல, போன மாசம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சுவிட்சு போட்டதையெல்லாம் போய் ஒருத்தர் சொல்லிக்கிட்டிருப்பாரா அக்கா?”

சர்வீஸ்காரர் ஏதோ டப்பா மாற்றுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் ஏறவில்லை. தொட்டேன் என்று அவர் சொன்னது நிஜம். அவர் தொட்டதால் கெட்டதும் நிஜம். கெட்டது அவள் காலால். இதில் யாரை எங்கே நிறுத்துவது?

ரசீதைக் கொடுத்த கையோடு மேனேஜர் அறைக்கு நடந்தாள். அவர் பாதி கேட்டதும் கையை உயர்த்தினார்.

“இருங்க, இருங்க. அவர் ஆன் பண்ணார், நீங்க ஆஃப் பண்ணீங்க?”

“ஆமா சார்.”

“ஒரு மாசமா?”

“செவ்வாய்க்கிழமை தவிர.”

அவர் நாற்காலியில் சாய்ந்து, சிரிப்பதா கோபப்படுவதா என்று முடிவு செய்யாமல் கூரையைப் பார்த்தார். “நாலு மணிக்கு ஏஜென்சிக்காரன் வந்து புது ஆளுக்கு நிரந்தரமா கையெழுத்து வாங்கிட்டுப் போறான். அப்புறம் என் கையில இல்லை.”

“தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுக்கறேன் சார். என் சீட்டைப் பத்திப் பரவாயில்லை.”

“உங்க சீட்டை யாரு கேட்டா? எழுதிக் கொடுங்க. ஆனா அவரும் நேர்ல வந்து இதையே சொல்லணும். ஒத்துக்கிட்டவர் அவரு. நாலுக்குள்ள வந்தா கையெழுத்தை நிறுத்தி வைக்கறேன்.”

சுவரில் மூன்று பத்து. சைக்கிளில் வந்தால் அவர் வீட்டிலிருந்து அரைமணி என்று யாரோ சொல்லிக் கேள்வி. எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியாது. கேட் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் அவருடைய போன் நம்பர் இருந்தது. எட்டு வருடத்தில் ஒருமுறை கூட அவள் அதை அழைத்ததில்லை.

ரிஜிஸ்டரைக் கேட்டிலேயே விரித்து வைத்துக்கொண்டு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுத்தால் முதலில் என்ன சொல்வது? அண்ணே, நான்தான் சொன்னேன் என்பதா, இல்லை உடனே கிளம்பி வாங்க என்பதா? மன்னிப்பை முதலில் சொன்னால் நேரம் போய்விடும், சொல்லாமல் வா என்றால் எதற்கு வருவார்? தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருக்கிறாரா, வேறு எங்காவது வேலை தேடிக் கிளம்பிவிட்டாரா, இல்லை, அவளுடைய நம்பர் என்று தெரிந்தேதான் எடுக்கவில்லையா?

“அக்கா, மேடையில வண்டி நிக்குது,” என்று யாரோ கத்தினார்கள்.

“நிக்கட்டும்,” என்றாள்.

மூன்றாவது முறை போட்டாள். காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.