ஆறு செங்கல் வாசல்

கல்யாணத்துக்கு முன் நான் ஈப்போவில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் படியெடுக்கும் வேலை பார்த்தேன். மூல வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துக் கோடுகளை மையால் இழுக்க வேண்டும். யார் யாரோ வாழப்போகும் அறைகளை ஐந்து வருடம் இழுத்தேன். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி, வேலையை விட்டு, ஜெலாப்பாங் பக்கம் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குக் குடிபோனேன்.

கணவருக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் திருட்டுப் போனதும் வாசலுக்கு இரும்புக் கம்பிக்கதவு போட்டார். கிளம்பும்போது அதை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார். கெட்டவர் இல்லை. பிள்ளையோடு தனியாக இருக்கிறேனே என்ற பயம் என்றார், நானும் நம்பினேன். மாலை மூன்றரை வரை கம்பிக்கு உள்ளே நானும் பத்து மாதப் பெண்குழந்தையும்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எங்கள் கட்டடத்தையே மாற்றி வரைய ஆரம்பித்தேன். படிக்கட்டை அகலமாக்கி அதில் கடைகள் வைத்தேன். நான்காம் மாடியிலிருந்து கீழ்வரை எல்லாச் சமையல்கட்டுக்கும் ஒரே கப்பியில் ஒரு கூடை ஏறி இறங்கியது. கோபம் வந்தவர் போய் உட்கார, பின்சுவரில் ஒரு தொங்கும் அறை. கணவர் ஒருநாள் தாளை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு வீட்டுக்கு ஏழு கதவா? திருடனுக்கா கட்டுற?"

பக்கத்து வீட்டில் வீட்டிலேயே துணி தைக்கும் ஒரு கிறிஸ்தவ அக்கா இருந்தார். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்வோம், முகம் தெரியாது. செமோர் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசைவீட்டில் நான் வளர்ந்தபோது தடுப்புப் பலகை கூரையைத் தொடாது. அடுத்த வீட்டுச் சண்டை முழுக்க எங்கள் சோற்றில் விழும். நல்ல சுவர் வேண்டும் என்று ஏங்கியவள் நான். இப்போது அக்காவிடம், நம் இரண்டு சமையல்கட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு வாசல் வரைந்திருக்கிறேன் என்றேன். வரைந்ததைச் செய்துவிடலாமே என்றார் அவர், சாதாரணமாக.

அது பாரம் தாங்கும் சுவரில்லை என்று எனக்குத் தெரியும். கலவையில் மணல்தான் அதிகம். ஆணியால் சுரண்டினாலே உதிர்ந்தது. இருபக்கமும் சுரண்டி, நான்கு நாளில் ஆறு செங்கலை எடுத்தோம். அக்காவின் முகத்தை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். குழம்பும் துணித்துண்டுகளும் சிரிப்பும் அந்த வழியாகப் போய்வந்தன. மூன்று மணிக்குமேல் ஓட்டையின்மேல் அரிசி புடைக்கும் சுளகை மாட்டிவிடுவேன்.

ஒரு காலை பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. சுளகைத் தள்ளி அக்காவைக் கூப்பிட்டேன்.

"பிள்ளையக் குடு. நா கிளினிக்குக்கு ஓடுறேன்."

தலையைப் பிடித்து, ஈரத் துண்டோடு ஓட்டைக்குள் நீட்டினேன். அந்தப் பக்கம் இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. பின்னாலேயே நானும் நுழையப் பார்த்தேன். தலையும் ஒரு தோளும் போயின, அதற்குமேல் போகவில்லை. அக்காவின் வாசல்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கம்பிக்கதவைப் பிடித்து ஆட்டினேன், கத்தினேன். வேலை நேரம், மாடியில் ஆளில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல், என் கையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்குமேல் அக்கா திரும்பினார். பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிற பிள்ளையை மறுபடி அந்த ஓட்டைக்குள் நுழைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. கம்பி வழியாக அதன் காலைத்தான் தொட முடிந்தது.

கணவர் வந்ததும் அக்காவே எல்லாம் சொன்னார். கணவர் பூட்டைத் திறந்தார். அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, சமையல்கட்டுக்குப் போய் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். எவனாவது இதுவழியாக வந்திருந்தால் என்று மெதுவாகக் கேட்டார்.

"அடைச்சுக்குங்க," என்றேன். "சாவிய வச்சிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை அவரே சிமெண்ட் குழைத்து அடைத்தார். மறுநாள் சாவி மேசைமேல் இருந்தது. பிள்ளைக்குச் சட்டை மாற்றி, கதவைப் பூட்டி, படி இறங்கி, பஸ் நிறுத்தம்வரை போனேன். ஈப்போ பஸ் இரண்டு வந்தன, இரண்டையும் விட்டுவிட்டேன். எங்கே போவது என்று அதுவரை யோசித்ததே இல்லை. வீடு திரும்பி, கம்பிக்கதவை உள்ளிருந்து நானே பூட்டினேன்.

பஸ் ஏறியது அடுத்த வாரம்தான்.