கண்ணாடிக்கு ரப்பர் மாற்றிய ஞாயிறு

லாரியின் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த பழைய ரப்பரை அண்ணி காய் நறுக்கும் கத்தியால் அறுத்தெடுத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ரப்பர் துண்டு துண்டாக உடைந்து அவர் புடவையில் விழுந்தது. பெஹாலாவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அந்த லாரிக்கு, என்ஜின் மூக்குபோல முன்னால் நீண்டிருக்கும் பழைய மாடலுக்கு, என்னைவிட வயது அதிகம். கிடர்பூர் துறைமுகச் சரக்குக்காக அப்பா வாங்கியது. அதன் சரக்கு ஓட்டம் நின்ற பிறகும் அண்ணா அதை விற்கவில்லை. ஞாயிறுதோறும் துடைத்து, என்ஜினைச் சற்று ஓடவிட்டு, குளிர்காலத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும், பேசப் பேசச் சரியாகும் என்றார் டாக்டர். ஆனால் பார்க்க வந்த உறவினர் ஒருவருக்கு அண்ணா சொன்னது புரியவில்லை. பச்சைக் குழந்தையிடம் கேட்பதுபோல, "என்ன வேணும்? தண்ணியா? தண்ணியா?" என்று உரக்கக் கேட்டார். அன்று மூடிய வாயை அண்ணா பல மாதங்கள் திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையசைப்புதான். காளிகாட்டிலுள்ள என் வீட்டிலிருந்து நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் டிவியின் குரல் மட்டுமே கேட்கும்.

மழைக்காலம் வந்தது. கண்ணாடி ஓரமாக நீர் இறங்கி, லாரியின் இருக்கை ஊறிப்போனது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து லாரியை விலைக்குக் கேட்டதும் அண்ணா சரி என்று தலையசைத்துவிட்டார். அண்ணி விடவில்லை. "அவர் தலையாட்டினா ஆச்சா? வாயால சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வங்க மொழியில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார். மறுநாளே வண்டி உதிரிபாகங்கள் விற்கும் மல்லிக் பஜாருக்குப் போய் புது ரப்பர் வாங்கி வந்து, எனக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வாடி. நாமளே மாட்டிடலாம்."

கடைக்காரர் வழி சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்ட வேண்டும். ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால், ரப்பரின் உதடு போன்ற ஓரம் லாரியின் தகட்டு விளிம்பின்மேல் ஏறி உட்காரும். நான் ஸ்டூலில் நின்று கண்ணாடியைத் தாங்கிக்கொண்டேன். அண்ணி லாரிக்குள் ஏறினார். வெயில் படட்டும் என்று அண்ணாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம்.

கயிற்றின் முனைகளை நாங்கள் மேல் விளிம்பில் விட்டிருந்தோம். அண்ணி இழுக்கத் தொடங்கியதும் கண்ணாடி என் கையில் நழுவியது.

"கீ... கீழ!"

கண்ணாடியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தேன். அண்ணா நாற்காலியில் முன்னால் சாய்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"கழட்டு. கயிறு... கீழேருந்து... வரணும்."

ஒவ்வொரு சொல்லும் நொண்டியபடி வந்தது. ஆனால் வந்தது. உள்ளே அண்ணி தலையைத் திருப்பவே இல்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "என்னங்க, முதல்ல எந்தப் பக்கம் இழுக்கணும்?" என்றார்.

"வலது."

"சோப்புத் தண்ணி போதுமா?"

"இன்னும்... இன்னும்."

பாதி வேலையில் அண்ணா கைத்தடியை ஊன்றி எழுந்து வந்தார். இடது உள்ளங்கையால் கண்ணாடியை மெல்லத் தட்டிக் காட்டி, "இப்படி. குத்தாதே" என்று என்னை அதட்டினார். சின்ன வயதில் அவர் அதட்டினால் எனக்குக் கோபம் வரும். அன்று, இன்னும் இரண்டு அதட்டல் கிடைக்காதா என்றிருந்தது. ரப்பர் முழுதும் உட்கார்ந்த பிறகு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் சொட்டியது. அண்ணா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இத... நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். நாளைக்கு என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும், எதையோ எடுக்கப் போவதுபோல நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

இப்போது அண்ணா மீன்காரரிடம் வங்க மொழியில் பேரம் பேசுகிறார். நிறுத்தி நிறுத்தித்தான் பேசுகிறார். கேட்பவர்கள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். போன மாதம் சமையலறையில் அண்ணியிடம் கேட்டேன்: "அன்னிக்கு வேணும்னுதானே தப்பா இழுத்தீங்க?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி" என்றார், அடுப்பைத் தணித்தபடி. "ஆனா அவர் வாயத் திறந்தப்புறம், தெரிஞ்சதையெல்லாம்கூடக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."