கொள்ளைக் கப்பலுக்குப் பூப்போட்டவள்

அந்தப் பிராஞ்சுக்காரக் கப்பல் எங்கள் கடலில் ஓடியது ஒரேயொரு பருவம். மாரி முடிய வந்தது. அடுத்த மாரிக்கு முன்னம் இல்லை. இங்கிலீசுக்காரனுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளை மறித்துப் பறிப்பதுதான் அதற்குத் தொழில். பறித்ததை எங்கள் துறைமுகத்தில் இறக்கும், ஊர் தின்னும். சண்டைக்காலம், வயலெல்லாம் தரிசு. ஆருடைய அரிசி என்று எந்த வயிறு கேட்டது? கொட்டியாரக்குடாவில் பாய் தெரிந்தால் பெட்டியோடு ஓடுவோம். நானும் ஓடினனான்.

மூதூர் வியாபாரி ஒருவர் மூட்டைகளை எடுத்து விற்பார். "இங்கிலீசுக்காரன்ட வாய்க்குப் போனது, தங்கச்சி. இன்னும் கடிக்கேல்லை, பயப்பிடாமக் கொண்டு போங்க" என்பார். சிரிப்போம்.

அண்ணன் அப்போது அக்கரையில், மூட்டை தைத்து ஏற்றும் கூலிக்குத் தோணியேறியிருந்தான். அவன் ஆருக்கு அரிசி ஏற்றுகிறான் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

ஒருநாள் அண்ணனின் பெண்சாதி, என் மச்சாள், குசினியில் மூட்டையின் வாயைப் பிரிக்கப் போனவள் அப்படியே இருந்துவிட்டாள். அண்ணன் இடக்கையன். அவன் தையல் எதிர்ப்பக்கம் சரியும். கடைசி முடிச்சைக் கயிற்றுக்குள் ஒளித்துவிடுவான். "இது அவர் தைச்சது" என்றாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. போன மூட்டையையும் பார்க்காமல்தானே அறுத்தோம், தின்றோம்.

கரைக்கு ஓடினோம். கப்பல் புறப்பட நின்றது. தண்ணீர்ப் பீப்பாய் உருட்டிய புதுச்சேரிக் கூலி ஒருவன் தமிழில் சொன்னான்: "தோணியைக் கொளுத்திட்டாங்க அக்கா. ஆளுங்களை ஏதோ ஒரு கரையில இறக்கி விட்டாங்க. நான் காய்ச்சல்ல கிடந்தேன். எந்தக் கரைன்னு கப்பித்தானுக்குத்தான் தெரியும்."

"இப்ப கேக்க ஏலாதோ?" என்றாள் மச்சாள்.

"அவர்கிட்ட நானா? பீப்பாயோட என்னையும் உருட்டி விடுவார். அவங்க பேச்சை மாத்திச் சொல்ற துபாசியைப் பிடிச்சு விசாரிக்கிறேன். அடுத்த தடவை வரும்போது சொல்றேன்."

எங்கள் பக்கத்தில் ஆண்கள் கடலில் இருந்தால், கோயில் இடிந்துபோன மலையின் உச்சியிலிருந்து வீட்டுப் பெண் கடலுக்குப் பூப்போடுவாள். அதன்பிறகு வெள்ளிக்கு வெள்ளி மச்சாள் போட்ட பூவெல்லாம் அந்தக் கப்பலுக்கு. புருசனைப் பறித்தது பத்திரமாய்த் திரும்பவேணும். திரும்பி ஒரு கரையின் பெயர் சொல்லவேணும். "கள்ளனுக்கு நேர்த்தி வைக்கிறாள்" என்று சனம் கதைத்தது. காற்று பூவைத் திருப்பி எங்கள் முகத்திலேயே எறியும். பொறுக்கி மறுபடி போடுவாள்.

கப்பல் வரவில்லை. இங்கிலீசுக்காரர் வளைத்துச் சுட்டதில் வெடிமருந்தறை வெடித்து, ஒருவரும் மிஞ்சவில்லையாம். வியாபாரிதான் வந்து சொன்னார்; அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. ஊர் அரிசிக்காக அழுதது. அண்ணனை இறக்கிவிட்ட கரை எதுவென்று அறிந்த கடைசி மனுசரும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். செத்தவீடு வைக்க ஏலாது. காத்திருக்கவும் ஒரு திசை வேணுமே.

இப்ப எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்தச் சேதிக்குப் பிறகு வந்த முதல் வெள்ளியை மட்டும் கடக்க முடியவில்லை. மச்சாள் பொட்டு வைத்தாள், பூ எடுத்தாள், மலையேறினாள். விளிம்பில் நெடுநேரம் நின்றாள். ஆருக்கென்று போடுவது? கை நீளவில்லை. பூவோடு இறங்கி வந்து குசினியில் அடுப்பருகே வைத்தாள். அது அங்கேயே கிடந்து வாடியது. நாங்கள் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றிச் சமைத்தோம்.