அரளி வேலியைப் பிடுங்கிய வாரம்

ஜவ்வாது மலையிலிருந்து காதர் பாய் போன் செய்தபோது நான் திருப்பத்தூர் நர்சரியில் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்துக் காசியம்மாவின் ஆடுகள் இரண்டு வாயில் நுரை தள்ளிக் கிடப்பதாகச் சொன்னார். முந்தைய நாள் பாய் வீட்டு வேலியைக் கிளை வெட்டிக் கவாத்து செய்தது நான்தான். குழாயை மூடிவிட்டு மலைக்குக் கிளம்பினேன்.

காதர் பாய் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். மலையில் சின்னதாக ஒரு வீடு கட்டி, வருஷம் முழுக்கப் பூக்கிற வேலி வேண்டும் என்று கேட்டார். நான் யோசிக்காமல் செவ்வரளி வைத்தேன். தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு கடிக்காது. இரண்டே வருஷத்தில் இடுப்பளவு வளர்ந்து, ரோடு முழுக்க ரோஸ் நிறமாக நின்றது. பஸ் பிடிக்கிற அவசரத்தில், வெட்டிய கிளைகளை வேலிக்கு வெளியே போடும்படி வேலையாட்களிடம் சொல்லிவிட்டு மலை இறங்கிவிட்டேன்.

நான் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது கால்நடை டாக்டர் விஷத்தை உறிஞ்சக் கரி கரைத்து வாயில் ஊற்றி, ஊசியும் போட்டிருந்தார். ஒரு ஆடு பிழைத்தது. சினையாக இருந்த இன்னொன்று செத்துப்போய்விட்டது. காசியம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“பச்ச எலன்னா மோந்து பாத்துட்டுப் போய்டும்க்கா. வாடிக் கெடந்தா துன்னுடும். உங்களுக்குத் தெரியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

தெரியும். தோட்டம் போடும் தொழிலுக்கு வந்த புதிதிலேயே கற்றுக்கொண்ட விஷயம். தெரியாது என்று சொல்ல முடிந்திருந்தால் அன்று கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி வெட்டுகிற கிளைகளை உடனே புதைத்துவிடலாம், வேலி இருக்கட்டும் என்று பாயிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. “பூ நல்லாத்தான் கீது. பக்கத்து வூட்டுக்கு ஆவாததை வெச்சிக்கினு நாம இன்னா பண்றது? புடுங்கிடுங்கம்மா” என்றார்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. அரளியை எரித்தால் புகையும் ஆகாது என்பதால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். செங்கம் சந்தையில் ஒரு சினை ஆடு வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காசியம்மாவிடம் விட்டேன். அவள் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், மடியைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் எனக்குக் குடிக்கக் கூழ் கொடுத்தாள்.

அடுத்து என்ன வைப்பது? நீலப் பூ பூக்கும் துரந்தா பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அதன் காயும் விஷம். செம்பருத்தியை ஆடு மொட்டையடித்துவிடும். காசியம்மாவையே கேட்டேன். களா வைக்கச் சொன்னாள். முள் இருப்பதால் ஆடு நுழையாது, காயை ஊறுகாய் போடலாம் என்றாள். வெள்ளைப் பூ மல்லிகை மாதிரி வாசம் வரும் என்று நான் சொன்னதும் பாயும் சம்மதித்தார்.

இரண்டடி இடைவெளியில் இரண்டு வரிசை, மாற்றி மாற்றிக் களாக் கன்று நடக் கயிறு கட்டினேன். பாய் வந்து கயிற்றின் நடுவில் கை வைத்தார். “இங்க மூணடி வழி வுட்டுடுங்க. காசியம்மா சுத்திக்கினு வர வேணாம்” என்றார்.

அதன் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், அளவு டேப்பை எடுப்பதற்கு முன்னால் அடுத்த நிலத்துக்காரரைப் போய்ப் பார்த்துவிடுவேன். அங்கே என்ன மேய்கிறது, யார் எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். வேலிக்கு என்ன செடி வைப்பது என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.