விரலைப் பார்க்கத் தெரிந்த ஊர்

சுடர்விழி கலைக்குத் தொண்டு செய்கிறாள் என்று யாராவது மேடையில் பேசினால் அவளுக்குச் சிரிப்பு வரும். தஞ்சாவூரில் ஒரு உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, பத்து வருஷமாக அவள் சாக்ஸபோன் சொல்லிக்கொடுப்பது ஒரே ஒரு ஆளைப் பழிவாங்கத்தான். இதை அவள் மூடி மறைத்ததும் இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். அவர்கள்தான் தமாஷ் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆளின் பெயர் நெடுமாறன். டெல்டாவில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கடைத் திறப்பு என்று எதற்குப் போனாலும் அவன் படம் போட்ட பிளக்ஸைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டு, சுருட்டை முடி, கழுத்தில் தொங்கும் சாக்ஸபோன். அந்த சாக்ஸபோனில் அவன் இன்று வரை முழுசாக ஒரு பாட்டு ஊதியது கிடையாது.

சுடர்விழியின் அப்பா ரெத்தினம் பூதலூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலிக்காரர். வயல் வேலை இல்லாத மாசங்களில் மருதையன் என்பவரின் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பார். மகளுக்கும் அவரே பழக்கிவிட்டார். அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியபோது அவளுக்குப் பதினெட்டு வயசு. அப்பாவைவிட நன்றாக ஊதினாள். செட்டில் சும்மா கிடந்த சாக்ஸபோனையும் எடுத்து ஊதினாள். மருதையன் அப்போதுதான் பேண்டு செட்டை மேடைக் கச்சேரிக் குழுவாக மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகன்தான் நெடுமாறன். ரெண்டு வருஷம் பழகியும் அவன் வாயை வைத்தால் கன்றுக்குட்டி கத்துவது போலத்தான் வந்தது.

மருதையன் கெட்டிக்காரர். மகனை மேடையில் நிறுத்தினார், சுடர்விழியைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார். பெண்பிள்ளை கன்னம் உப்ப ஊதினால் கல்யாண வீட்டில் பார்க்க நன்றாக இருக்காது என்று ரெத்தினத்திடம் சொன்னார். சொல்லாத காரணம் இன்னொன்று இருந்தது. அவள் எந்தத் தெருப் பெண் என்று தெரிந்தால் சில ஊர்களில் முகம் சுளிப்பார்கள், மருதையனுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். ரெத்தினத்துக்கு அது சொல்லாமலே புரிந்தது. மகள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அவளுக்குக் கோபம் அப்பா மேல்தான் வந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது பிற்பாடுதான் போய்ச் சேர்ந்தது.

ஆறு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. தப்பித்தவறிச் சத்தம் வந்துவிடக் கூடாது என்று நெடுமாறனின் சாக்ஸபோனுக்குள் ஹவாய் செருப்பை வெட்டி அடைத்திருந்தார்கள். அவன் வளைந்தான், நெளிந்தான், கண்ணை மூடிக்கொண்டான். அவள் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெனரேட்டர் புகைக்கு நடுவே, மைக்கில் ஊதினாள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெரியவர் நெடுமாறனைக் கட்டிப்பிடித்து அழுதார். அவன் மூச்சில் சாமி இருக்கிறது என்றார். சாமி அப்போது ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தது.

கூட இருந்த வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். மருதையன் கூப்பிடாவிட்டால் பிழைப்பு இல்லை என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. வெளியாள் ஒருவர் மட்டும் கண்ணால் பார்த்தார். முத்துப்பேட்டையில் மீரா சாகிப் என்பவர் ரேடியோ, டிவி கடை திறந்தபோது இந்தக் குழுவை அழைத்திருந்தார். ஜெனரேட்டர்காரனுக்கு டீ கொடுக்கப் பின்பக்கம் வந்தவர், அவள் ஊதுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கச்சேரி முடிந்ததும் கடைக்குள் கூப்பிட்டு ஏழு கேசட்டுகளைக் கையில் கொடுத்தார்.

"பஹ்ரைன்ல நான் ரூம் பாயா இருந்த ஓட்டல்ல தினம் ஒருத்தர் இதை ஊதுவாரு, தங்கச்சி. ஜாஸுன்னு பேரு. நேத்து ஊதுனத இன்னைக்கு ஊத மாட்டாரு. அடுத்து என்ன வரப்போகுதுன்னு பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாது" என்றார்.

மற்றவர்கள் ஜாஸை எதற்குப் பழகுவார்களோ தெரியாது. சுடர்விழி பழகியது அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்காக. அடுத்து என்ன வரும் என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது என்றால், முன்னால் நின்று விரலாட்டுகிற நெடுமாறன் என்ன செய்வான்? ரெண்டு வருஷம், வயலில் மோட்டார் ஓடும் நேரம் பார்த்து அந்தக் கொட்டகைக்குள் போய், சத்தம் வெளியே தெரியாமல் சாதகம் செய்தாள். ஒரு மெட்டை எடுத்து அதை உடைத்து, திருப்பி, வேறொன்றாக்கி, நினைத்த நிமிஷத்தில் வேறு வழியில் கொண்டுபோகப் பழகினாள். ஜாஸ் அவளுக்குப் பிடித்தும் போயிற்று என்பது வேறு விஷயம்.

மன்னார்குடி வரவேற்பு ஒன்றில் கைவரிசையைக் காட்டினாள். பாட்டு பாதியில் இருக்கும்போது மெட்டை விட்டு வெளியே போனாள். ஐந்து நிமிஷம் திரும்பி வரவில்லை. முன்னால் நெடுமாறன் பழைய பாட்டுக்கே விரலை ஆட்டிக்கொண்டிருந்தான். சத்தம் கீழே இறங்கும்போது மூட வேண்டிய அவன் விரல் திறந்திருந்தது, மேலே ஏறும்போது திறக்க வேண்டியது மூடியிருந்தது. தொலைந்தான் என்று நினைத்தாள். கூட்டம் விசில் அடித்தது. பெண்ணின் மாமா மேடை ஏறி அவனுக்கு மோதிரம் போட்டார். மருதையன் பின்னால் வந்து, இனி எல்லா ஊரிலும் இதையே ஊது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாசமே பிளக்ஸில் 'ஜாஸ் நெடுமாறன்' என்று அச்சடித்துவிட்டார்கள்.

சில மாசம் ஊர் ஊராக அதையே ஊதினாள். பிறகு ஒரு கல்யாணத்தில் ஊதிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பார்த்தாள். மைக்கில் கோளாறு என்று நினைத்து, மைக் செட்டுக்கார ஹஸ்ஸானை மருதையன் கன்னத்தில் அறைந்தார். அவள் ஹஸ்ஸானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நேராகக் கல்யாண வீட்டாரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். வேலையை விட்டு நிறுத்திய ஆத்திரத்தில் பேசுகிறாள் என்று நெடுமாறன் சொன்னதைத்தான் நம்பினார்கள். ஊரில் ஒருத்தருக்கும் விரலைப் பார்க்கத் தெரியவில்லை; வெள்ளைக் கோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்பது அன்றைக்கு அவளுக்கு உறைத்தது. மறுவாரம் சென்னைக்கு ரயில் ஏறினாள்.

அங்கே ஒரு பெரிய ஓட்டல் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எட்டு வருஷம் சொகுசுக் கப்பலில், கோவாக்காரர் பியானோ வாசிக்க, பிலிப்பைன்ஸ்காரர் டிரம் வாசிக்க, அவள் முன்னால் நின்று ஜாஸ் ஊதினாள். பலகையில் அவள் பெயரை எழுதிவைத்தார்கள். நல்ல பெயர் எடுத்தாள், நல்ல மனுஷர்களோடு இருந்தாள். ஆனால் சிங்கப்பூரில் கைதட்டினால் மன்னார்குடிக்குக் கேட்குமா? அவள் ஊதிய ஆறு வருஷமும் ஊரில் இன்னும் அவன் கணக்கில்தான் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் வாயில் கசந்தது.

ரெத்தினம் இறந்த செய்தி கேட்டு வந்தாள். நெடுமாறன் மாலையோடு வந்திருந்தான். சாவு வீடு என்றும் பாராமல் ரெண்டு பேர் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போகும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இப்பவும் ஊதுறியா சுடரு? விட்றாத. கையில ஒரு தொழில் இருக்குறது நல்லது" என்றான்.

அவள் கப்பலுக்குத் திரும்பவில்லை. கருமாதி முடிந்த கையோடு உரக்கடை மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்தாள்.

முதல் மாணவராக வந்தவர் மீரா சாகிப். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஐம்பத்து ரெண்டு வயசில் வாரம் ரெண்டு நாள் பஸ் ஏறி வந்தார். அவளை டீச்சரம்மா என்றார், அவள் அவரை பாய் என்றாள். பிறகு பேங்க் ஊழியர்கள், நர்ஸுகள், காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். சினிமாப் பாட்டு ஊத வந்தவர்களை அவள் முதல் மாசம் சாக்ஸபோனைத் தொடவே விடமாட்டாள். ஒருவர் ஊத, மற்றவர்கள் அவர் விரலையே பார்க்க வேண்டும். சத்தம் இறங்கினால் விரல் மூடும், ஏறினால் திறக்கும் என்று, துணைக்கு வந்த வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்வாள். பாடம் மெதுவாகப் போகிறது என்று சிலர் சடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

போன வருஷம் மீரா சாகிப் போனை நீட்டினார். நெடுமாறனின் புது வீடியோ. இப்போது திரைக்குப் பின்னால் ஆள் தேவையில்லை. பென் டிரைவ் போதும். அவள் அரை நிமிஷம் கேட்டாள். மன்னார்குடியில் ஆரம்பித்து அவள் ஊர் ஊராக ஊதிய ஜாஸ், அப்போதே மைக் செட்டு மிக்சரிலிருந்து பதிவு செய்துவைத்தது. எந்த மேடை ஏறினாலும் அவன் அதைத்தான் போட்டான். நடுவே ஜெனரேட்டர் புகைக்கு அவள் இருமியதுகூட அப்படியே இருந்தது. அவன் அதை நீக்கவும் மெனக்கெடவில்லை. வீடியோவுக்குக் கீழே ஒரு அழைப்பிதழ். ரசிகர் மன்றம் ஒன்று, தஞ்சாவூர்க் கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை அவனுக்கு 'ஜாஸ் ஆசான்' என்று பட்டம் கொடுக்கப்போகிறது.

"கேஸு போடலாம் டீச்சரம்மா" என்றார் மீரா சாகிப்.

"கேஸு போட்டா வக்கீலுக்குத்தான் தெரியும் பாய். ஊருக்குத் தெரியணும்" என்றாள்.

ஏழு வாரம் வேறு பாடமே எடுக்கவில்லை. தன்னுடைய அந்த ஐந்து நிமிஷத்தை முப்பத்தெட்டு மாணவர்களுக்கும் விரல் விரலாகச் சொல்லிக்கொடுத்தாள். எதற்கு என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். இது பழிவாங்குகிற வேலை, பிடிக்காதவர்கள் வர வேண்டாம் என்றாள். ரெண்டு பேர் விலகிக்கொண்டார்கள். முப்பத்தாறு பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் முன் வரிசைகளில் போய் உட்கார்ந்தார்கள். யார் கையிலும் வாத்தியம் இல்லை.

சால்வை போட்டார்கள், பேசினார்கள், நெடுமாறனை வாசிக்கச் சொன்னார்கள். சத்தம் தொடங்கியது. முப்பத்தாறு பேரும் கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கினார்கள். இறங்கும்போது எல்லா விரலும் ஒன்றாக மூடின, ஏறும்போது ஒன்றாகத் திறந்தன. வீடியோக்காரருக்கு இது வேடிக்கையாக இருந்தது. மேடைப் பக்கத்து எல்.இ.டி. திரையில் அவர்கள் கைகளைக் காட்டினார். அப்புறம் நெடுமாறனின் கையைக் காட்டினார். அப்புறம் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பின் வரிசையில் யாரோ எழுந்து நின்று பார்த்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

நெடுமாறனும் திரையைத் திரும்பிப் பார்த்தான். அவன் விரல்கள் தடுமாறி நின்றன. வாயிலிருந்து சாக்ஸபோன் நழுவித் தொங்கியது. ஸ்பீக்கரில் சாக்ஸபோன் சத்தம் மட்டும் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

மன்றச் செயலாளர் மிக்சரை அணைக்க ஓடினார். சுடர்விழி எழுந்து நின்றாள்.

"நிறுத்தாதீங்க சார். அது நான் ஊதுனது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. முடியற வரைக்கும் அவரு அங்கேயே நிக்கட்டும்."

செயலாளர் கையை எடுத்துக்கொண்டார். நெடுமாறன் படிக்கட்டைப் பார்த்தான். அங்கே ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளைப் பார்த்தான். போதும் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் தலையை அசைக்கவில்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உட்கார்ந்து, தான் ஊதியதைக் கடைசி வரை கேட்டாள். சால்வையோடு அவன் ரெண்டு நிமிஷமும் நின்றான்.