மொட்டைக் கடிதமும் முகவரியோடு வந்ததும்

எங்கள் வாரப் பத்திரிகையில் வாசகர் கடிதங்களை நான்தான் பார்த்தேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடையில் வேலை பார்த்தவர் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப்பையில் துருக்கறை. எதை எடுத்தாலும் உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார். நாங்கள் வெளியிட்ட மொட்டைக் கடிதத்தின் நறுக்கையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லி, கள்ள எடை போடுகிறார் என்றது கடிதம். முதலாளி அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

“எய்துனவன் பேர் இன்னா சார்?”

“சொல்லக் கூடாதுங்க. பயந்துபோய் எழுதியிருக்காரு.”

“அவன் பேர மறைச்சிக்கினு என் பேர மட்டும் ஏன் போட்ட? எனுக்கு பயம் இர்க்காதா?”

நறுக்கை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“உன்னப் பத்தியும் ஒரு கடுதாசி வரும். மொட்டையா வராது, பாரு.”

மறுவாரமே வந்தது. விசாரிக்காமல் அச்சேற்றித் தன் சோற்றில் மண் அள்ளிப் போட்டவன் என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார். அடியில் அவர் பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு, செல்போன் எண், எல்லாம் தெளிவாக.

பெயரோடு வரும் கடிதத்தைத்தான் வெளியிட வேண்டும் என்று இப்போது எல்லோரிடமும் அடித்துச் சொல்கிறேன். அவருடையதை மட்டும் இன்றுவரை வெளியிடவில்லை.